பல்லித் தொட்டிக்கு நான் மாட்ட மறுத்த பல்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆகஸ்ட் மாதம், தோஹாவில் நடந்தது இது. அப்போது நான் ஒரு மெயின்டெனன்ஸ் கம்பெனியில் ஏசி, எலக்ட்ரிகல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நஜ்மா ஏரியாவில் ஆறு பேரோடு ரூம். ஊர் புதுக்கோட்டைப் பக்கம்.

அன்று காலை ஒரு வில்லாவில் பல்பு மாட்டும் வேலை வந்தது. வழக்கமாக இதற்கு ஒருவன் போதும். ஆனால் அந்த வீட்டு மேடம் எங்களுக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலுக்கு உறவு என்பதால் சூப்பர்வைசரும் கூட வந்தார். திருச்சிக்காரர். யாருக்கு கான்ட்ராக்டைப் புதுப்பிப்பது என்று லிஸ்ட் எழுதுகிறவரும் அவர்தான். என் கான்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிய இருந்தது.

ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு பல்லி. நம் ஊர்ச் சுவர்ப் பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு ஒரு சாண் நீளம். லெபர்டு கெக்கோ என்று பெயராம். மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, அசையவும் இல்லை, குளிர்கிறது போலிருக்கிறது என்றார் மேடம். இன்னும் பெரிய பல்பாகப் போடச் சொல்லிப் பல்லி விற்ற கடைக்காரர் கொடுத்த பல்பை நீட்டினார். நூற்றைம்பது வாட்.

மூடியைத் திறந்தேன். பல்லி ஒரு கல்லின்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தது. கரண்டில் சூடாகும் செயற்கைக் கல் அது. மேலே ஏற்கெனவே ஒரு வெள்ளை பல்பு, ராத்திரி பகலாக எரிகிறதாம். பல்லி கண்ணை இறுக மூடியிருந்தது. என் பின்கழுத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் ஏசி கிரில் தொட்டிக்கு நேர் மேலே.

வேலைக்காக எப்போதும் இடுப்பில் ஒரு டெம்பரேச்சர் கன் வைத்திருப்பேன். எடுத்து அடித்துப் பார்த்தேன். கல் ஐம்பத்து மூன்று டிகிரி. தொட்டியின் மூலை பத்தொன்பது. எனக்குப் பல்லியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சூட்டையும் குளிரையும் தெரியும். மற்ற இடமெல்லாம் குளிர்வதால் அது கல்லை விட்டு இறங்க முடியாமல் கிடக்கிறது. கல்லோ அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய பல்பு போட்டால் கல்லின் சூடு இன்னும் ஏறும்.

“அண்ணே, பல்பு வேண்டாம். கல்லுதான் பிரச்சினை. முதல்ல அதை எடுக்கணும்” என்றேன்.

“மாட்டச் சொன்னா மாட்டு தம்பி. பல்லிக்கு டாக்டர் வேலை பாக்கவா உன்னக் கூட்டிட்டு வந்தேன்?”

“மாட்டுனா செத்துரும்ணே.”

“செத்தா செத்துட்டுப் போவுது. மேடம் கேட்டதைச் செஞ்சுட்டு யல்லான்னு கெளம்பு.”

அதற்கு முந்தைய வருடம் வேறொரு வீட்டில், இப்படித்தான் சொன்னதைச் செய்தேன். மெல்லிய வயரில் பெரிய பிரேக்கரை மாட்டச் சொன்னார்கள். தப்பு என்று தெரிந்தே மாட்டினேன். வயர் கருகியது. மாட்டச் சொன்னவர் நல்லவராகிவிட்டார். வார்னிங் லெட்டர் எனக்கு வந்தது. அந்த எரிச்சல் அப்படியே மேலே வந்தது.

சூப்பர்வைசர் என்னைத் தள்ளிவிட்டு, தானே மாட்டுவதற்காகக் கையை நீட்டினார். நான் கல்லின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். நகரவில்லை.

“என்ன ஆச்சு?” என்று மேடம் இந்தியில் கேட்டார்.

எனக்கு வந்த அரபியில், “மேடம், ஃபோக் பாரித், தஹத் ஹார்” என்றேன். மேலே குளிர், கீழே சூடு. டெம்பரேச்சர் கன்னை அவர் கையில் கொடுத்து, கல்லையும் மூலையையும் அவரையே அடித்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிறகு பல்லியை மெதுவாகத் தூக்கித் திருப்பினார். வயிறு சிவந்து தோல் உரிந்திருந்தது.

மேடம் உடனே அதைத் துணியில் பொதிந்துகொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டார்.

வேனில் சூப்பர்வைசர் சொன்னார்: “என்னைய அவமானப்படுத்திட்ட. உன் கதை கலாஸ், முடிஞ்சுது.”

“நான் பல்லியத்தாண்ணே பாத்தேன். உங்களப் பாக்கல” என்றேன்.

மறுநாளே என்னை ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் சில்லர் என்கிற பெரிய ஏசி மெஷின் வேலைக்குத் தூக்கிப் போட்டார். ஆகஸ்ட் வெயிலில் அங்கே ஸ்பேனரை வெறுங்கையால் தொட முடியாது. ரூமில் இருந்தவர்கள், “ஒரு சாரி சொல்லிட்டு வாடா” என்றார்கள். எதற்குச் சாரி? நான் சொல்லவில்லை.

பதினோராம் நாள் ஆபீஸிலிருந்து போன். சூடு அளந்த ஆள்தான் வர வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். போனேன். தீக்காயம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தப் பல்லிக்கு வயிற்றில் சூடு பட்டால்தான் தின்றது செரிக்குமாம்; ஆனால் அளவான சூடு வேண்டும், ஒரு பக்கம் சூடாக இருந்தால் மறுபக்கம் குளுமையாக இருக்க வேண்டும், பிடித்த பக்கத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். அவர் எழுதிக் கொடுத்தபடி அந்தக் கல்லை எடுத்துவிட்டு, தொட்டியின் அடியில் ஒரு பக்கமாக ஹீட் மேட் என்ற சூடாகும் விரிப்பை ஒட்டினேன். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை உள்ளே பதித்து முப்பத்திரண்டில் நிறுத்தினேன். தொட்டியை ஏசி கிரிலிலிருந்து தள்ளி வைத்தேன். கண்ணைக் கூசவைக்கும் பல்பைக் கழற்றிவிட்டு, இரவில் தானே அணைகிற மாதிரி டைமரோடு சின்ன விளக்கு போட்டேன்.

வேலை முடிய அந்தியாகிவிட்டது. சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போது பல்லி தொட்டிக்குள் இருந்த சின்னக் குகையிலிருந்து தலையை நீட்டியது. கண் திறந்திருந்தது. மேடம் ஒரு புழுவைப் போட்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு லபக்கென்று பிடித்தது. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். டூல் பாக்ஸைக் குனிந்து பூட்டினேன்.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. மேடம் சொன்னாரா, எனக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லையா, தெரியாது. சூப்பர்வைசர் மட்டும் என்னோடு பேசவே இல்லை; குளிர்காலம் வரும்வரை மொட்டைமாடி டூட்டிதான் கொடுத்தார். நானும் போய்ச் சமாதானம் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்களிடம், கல்ஃபில் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் பிழைக்க முடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. தெரிந்த தொழிலில் கண்ணெதிரே தப்பு நடந்தால் முடியாது என்று சொல், வெயிலில் நிற்க வைத்தால் நின்றுகொள்ளலாம் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.