என்னை மட்டும் தமிழில் திட்டியவர்

சாரின் மேசையில் நடு இழுப்பறை முழுக்க மௌஸ்கள் கிடக்கும். கறுப்பு, சாம்பல், அழுக்கேறிய வெள்ளை என்று எல்லாம் வாலைத் தம்மேல் சுற்றிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். நான் வேலையில் சேர்ந்த அன்று காலை, நாற்காலி சூடாவதற்குள் அவர் என் பின்னால் வந்து நின்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. குனிந்து என் கம்ப்யூட்டரிலிருந்து மௌஸின் ஒயரை உருவினார், கையில் சுற்றினார், இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டார். "எலி பிடிக்கறதுக்கு முனிசிபாலிட்டில ஆள் வெச்சிருக்கா. நீ புரோகிராம் எழுத வந்திருக்கே. கை கீபோர்டை விட்டு நகர்ந்தா கையை எடுத்துடுவேன்" என்றார். மெல்லிய குரல், முகத்தில் நல்ல சிரிப்பு. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் என்னை வரவேற்கிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

செம்பூரில், ஸ்டேஷனை அடுத்த கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் ஆபீஸ். வேறு கம்பெனிகளின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அவர் எங்கள் டீம் லீட். பம்பாய் வழக்கப்படி எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் சார் என்பேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை நிரந்தரம் ஆகும்வரை மௌஸ் கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். மேனேஜர் மேடம் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து விட்டுவிட்டார். மராத்திக்காரப் பெண்மணி, நல்லவர்தான். நல்லவர்கள் இப்படித்தான் பல விஷயங்களை விட்டுவிடுகிறார்கள்.

மௌஸ் இல்லாமல் வேலை செய்வது பெரிய காரியம் இல்லை, ஷார்ட்கட் என்று நாங்கள் சொல்லும் விசைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால். அவைதான் அப்படி நடந்துகொள்வதில்லையே. எங்கள் மேசையில் இருப்பது விண்டோஸ். அதற்குள், கட்டளைகளைத் தட்டுவதற்கென்று ஒரு கறுப்பு ஜன்னல். அதன் வழியாகப் போனால் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ். படம் வரைகிறவர்களிடம் மேக். விண்டோஸில் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நகலெடுக்கும். கறுப்பு ஜன்னலில் அதே இரண்டு விசையும் ஓடுகிற வேலையைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடும். மேக்கில் அழுத்தினால் ஒன்றுமே நடக்காது, நாம்தான் பைத்தியம்போல இன்னும் பலமாக அழுத்துவோம். கறுப்பு ஜன்னலில் ஒரு சொல்லை மட்டும் அழிக்கிற விசை, பிரவுசரில் பக்கத்தையே மூடிவிடும். அரைநாள் தட்டியதெல்லாம் போய்ச் சேரும். உள்ளே போனால் வெளியே வரும் வழி தெரியாத, புரோகிராம் தட்டுகிற எடிட்டர் ஒன்று உண்டு. முலுண்டிலிருந்து வருகிற என் பக்கத்து நாற்காலிக்காரன் அதில் மாட்டிக்கொண்டு, மதியம்வரை திருதிருவென்று முழித்துவிட்டுக் கடைசியில் பிளக்கையே பிடுங்கினான். இதையெல்லாம் கீழே டீக்கடையில் நின்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எந்த மடையன் எந்த விசைக்கு எந்த வேலையைக் கொடுத்தான் என்று ஆளுக்கொரு சாபம் விடுவோம். எங்கள் தொழிலில் பாதி நகைச்சுவை, அவரவர் விரல் அவரவருக்குச் செய்த துரோகம்தான்.

சார் அந்தச் சிரிப்பில் சேர மாட்டார். அவருக்கு எல்லா விசையும் அத்துப்படி, ஆனால் ஒன்றைக்கூட வாயைத் திறந்து சொல்ல மாட்டார். ஒருவன் மாட்டிக்கொண்டால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவன் திணறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கையை நீட்டி இரண்டு விசையை அழுத்திச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். என்ன அழுத்தினார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் அவருடைய மரியாதை இருந்தது. அவர் அறிவாளி என்பதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். அந்த அறிவால் எங்களில் ஒருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

மற்றவர்கள் தப்புச் செய்தால் ஆங்கிலத்தில் 'நல்ல முயற்சி' என்று முதுகில் தட்டுவார். எனக்கு மட்டும் தமிழ். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மாட்டுங்கா, தலைமுறைகளாக இங்கேயே ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். நான் தாராவி, என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு ஊருக்கும் நடக்கிற தூரம்தான், ஆனால் அவர் நடந்திருக்க மாட்டார். நான் வாயைத் திறந்த முதல் நாளே என் பேச்சை வைத்து இடத்தைப் பிடித்துவிட்டார். "தோல் அடிச்ச வம்சமோன்னோ, கீபோர்டையும் அப்படியே அடிக்கறே" என்பார், சிரித்தபடி. "உன்னைப் பெத்தவாளுக்குக் கண்ட்ரோல் இஸட் தெரிஞ்சிருந்தா இன்னிக்கு எனக்கு இந்தக் கஷ்டம் இல்லை" என்பார், அதே சிரிப்போடு. கண்ட்ரோல் இஸட் என்பது கடைசியாகச் செய்ததை இல்லாமல் ஆக்குகிற விசை. இதைச் சொல்லும்போது குரலில் அவ்வளவு கனிவு இருக்கும். முலுண்ட்காரன் என்னிடம், "தூ லக்கி ஹை யார், அப்னா ஆத்மி மில் கயா" என்று பொறாமைப்பட்டான். சொந்த மனிதர் கிடைத்துவிட்டாராம். அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வார்த்தைகளை இந்தியில் என் வாயால் சொன்னால் அவை உண்மையாகிவிடும் என்று பயந்தேன் போல.

நான் அதைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். வீட்டில் அத்தை மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "வேலை நெரந்தரம் ஆவட்டும், ரெண்டு வருசத்துக்கு நான் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். ஆவலைன்னா அத்த மவன்தான், பாத்துக்க" என்றாள். அம்மா சொன்ன சொல் தவறாதவள். ஆகவே என் பாடு முழுக்க ஒரே ஒரு தாளில் நின்றது, அந்தத் தாளுக்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் சார். காலையில் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கும்வரை விசைகளை மனப்பாடம் செய்துகொண்டே வருவேன். கூட்டத்தில் நசுங்கியபடி பையின்மேல் விரல் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சில பெண்கள் நான் ஏதோ நாமம் ஜெபிக்கிறேன் என்று நினைத்து இடம் கொடுத்ததுண்டு.

நிரந்தரமாவதற்கு முன், செய்த வேலையை மேனேஜர் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். மீட்டிங் அறையில் பெரிய திரை, என் கம்ப்யூட்டரின் கறுப்பு ஜன்னல் அதில் தெரிகிறது. முதல் பாதி ஒழுங்காகப் போனது. மேடம் தலையாட்டினார். நடுவில் அவருக்குப் போன் வந்தது. மற்றவர்களும் டீக்கு எழுந்துபோனார்கள். அறையில் நானும் சாரும். அந்த இடைவேளையில்தான் என் விரல் வேலையைக் காட்டியது. கல்லூரி லேபில் கம்ப்யூட்டர்கள் எப்போது அணையும் என்று சொல்ல முடியாது, அதனால் மூச்சுக்கு மூச்சு கண்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமித்துப் பழகிய கை. தேவையே இல்லாத இடத்தில் அழுத்திவிட்டேன். மற்ற எல்லா இடத்திலும் சேமிக்கிற அந்த விசை, கறுப்பு ஜன்னலில் மட்டும் திரையை உறைய வைத்துவிடும். கம்ப்யூட்டர் சாகாது. தட்டுவதெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கண்ட்ரோல் க்யூ அழுத்தினால் மறுபடி ஓடும். எனக்கு அது அன்று தெரியாது. சாருக்குத் தெரியும்.

எதைத் தட்டினாலும் திரையில் ஒரு எழுத்து வரவில்லை. "சார், ஹேங் ஆயிட்டு சார்" என்றேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ தொட்டா எதுதான் உருப்படும்? மேடம் வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா ஊருக்குப் போய் மாடு மேய்" என்றார். நான் கெஞ்சினேன். அவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குள் என்னவோ அறுந்துபோனது. வேலை போய்விட்டது, இனி அத்தை மகன்தான் என்று முடிவாகிவிட்டது. கீபோர்டும் செத்துவிட்டது என்ற தைரியத்தில், அத்தனை மாதம் வாய்க்குள் வைத்திருந்ததை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினேன். நாசமாப் போ. கட்டையில போ. ஒன் வாயில மண்ணு விழ. ஒவ்வொரு வரிக்கும் என்டரை ஓங்கி அடித்தேன். தாராவித் தெருக்குழாயில் சண்டை போடும் பெண்கள் சொல்கிற எல்லாவற்றையும் தட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் சுகமாக இருந்தது.

எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மேடம், "ஆகே சலோ" என்று மேலே ஓட்டச் சொன்னார். சார் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார், குறுக்கே கையை நீட்டினார், இரண்டு விசையை அழுத்தினார். பெரிய திரையில் நான் தட்டியதெல்லாம் மளமளவென்று கொட்டியது. கம்ப்யூட்டருக்குத் தமிழா தெரியும்? என் ஒவ்வொரு வசவையும் ஒரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது. 'நாசமா: அப்படி ஒரு கட்டளை இல்லை. கட்டையில: அப்படி ஒரு கட்டளை இல்லை.' திரை நிறைய, மேலிருந்து கீழ்வரை.

"யே க்யா ஹை? தமிள் ஹை க்யா?" இது என்ன, தமிழா என்று மேடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். சார் நிதானமாகக் கடைசி வரிவரை படித்தார். அவர் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். பிறகு மேடத்திடம், "ப்ரேயர் ஹை மேடம். எங்க ஊர்ல எந்தக் காரியத்துக்கும் முன்னாடி இதைச் சொல்வா" என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து விளக்கினார். அறையே சிரித்தது. 'சோ ஸ்வீட்' என்றது ஒரு குரல். காப்பாற்றிவிட்டார் என்று நான் ஒரு கணம் நம்பினேன், அவ்வளவு முட்டாள். அவர் என் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு, தமிழில் சொன்னார்: "உன்னை அனுப்ப மாட்டேன். இன்னும் ஆறு மாசம் தள்ளி வெக்கறேன். எனக்குக் கீழயே கிட."

அப்படியே செய்தார். மேடம் என்னைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்று உன் சார் அக்கறையோடு எழுதியிருக்கிறார் என்றார். அன்று மாலை அம்மா அத்தைக்குப் போன் செய்தாள். அந்த ஆறு மாதத்துக்குள் என் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பம்பாய்க்கே வந்ததால் வேலையை விடவில்லை. அந்தக் கல்யாணத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அவரும் நானும் இப்போது சேர்ந்து இல்லை, அப்போது முறிந்த என் இடது கை மணிக்கட்டு மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேலை நிரந்தரமானது, மௌஸ் திரும்பக் கிடைத்தது, கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்குப் போனேன். இன்று எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கொண்டு வேண்டுமானாலும் வேலை செய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் மேடம் கூப்பிட்டார். சாருக்கு மாரடைப்பு, போய்விட்டார். ஆபீஸில் இரங்கல் கூட்டம், நீ வந்தே ஆகவேண்டும், அவருக்கு உன்மேல் தனிப் பாசம் என்றார். எனக்கு வருத்தம் வரவில்லை, வராததற்காக வருத்தமும் வரவில்லை. ஆனாலும் போனேன். அதே அறை, அதே பெரிய திரை, அதில் சாரின் படம். ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் அவர் மேதை என்றார்கள். முன் வரிசையில் அவர் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். நூல் புடவை, வறண்ட கண். முதன்முதலாக அப்போதுதான் அந்த மாமியைப் பார்க்கிறேன். மேடம் என் தோளைத் தொட்டு, "தமிழில் பேசேன். அவர் மனைவிக்கு ஆறுதலாக இருக்கும்" என்றார்.

நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்தேன். திரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன், என்னைத் திட்டும்போதெல்லாம் வைத்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு. மைக்கைப் பிடித்தேன். அவர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவர் குரலிலேயே, கனிவாக, ஒன்று விடாமல் சொன்னேன். அறையில் தலைகள் குனிந்திருந்தன. முலுண்ட்காரன் கைக்குட்டையை எடுத்தான். முடித்த பிறகுதான் மாமியைப் பார்க்கத் தைரியம் வந்தது. அவர் எழுந்து என்னிடம் வந்தார், என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னே. ஆத்துல எனக்குச் சொன்னது ஒண்ணு உனக்குத் தெரியாது" என்றார் தமிழில். "நான் கம்ப்யூட்டரைத் தொட்டாலே சொல்வார். நீ போனா குப்பைத் தொட்டிலகூட இருக்க மாட்டேடி, உனக்கு ஷிஃப்ட் டிலீட்தான்னு. தினம் சொல்வார். அப்படின்னா என்னன்னு பக்கத்தாத்துப் பையனைக் கேட்டுத் தெரிஞ்சுண்டேன். சும்மா அழிச்சா குப்பைத் தொட்டிலயாவது கிடக்குமாம், இது அடியோட அழிஞ்சுடுமாமே, தேடினாலும் கிடைக்காதாமே." பிறகு திரைப் பக்கம் திரும்பினார். கணவரின் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, "ஷிஃப்ட் டிலீட்" என்றார்.

கூட்டத்துக்குப் புரிந்தது அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும். கண்ணைத் துடைத்தபடி எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். மேடம் மாமியைக் கட்டிக்கொண்டு, "கடைசிவரைக்கும் அவருக்கு ஷார்ட்கட்தான், இல்லையா?" என்றார்.