அம்மன் பண்டிகையில் போன பியூஸ்

எங்கள் ஊரைக் கல்லூரி நகரம் என்று முதலில் சொன்னவர்கள் மனை விற்கிறவர்கள்தான். திருச்செங்கோடு ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி, வாசலில் ஜெராக்ஸ் கடைகள், ஒரு பானிபூரி வண்டி. அதற்கே பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாரியம்மன் பண்டிகையை நடத்துவது அவர். மைக்செட் போடுவது என் அப்பா.

அந்த வருஷம் மைக்கில் நான் பாடுவதாக ஏற்பாடு. மூன்றாம் வகுப்புக்காரிக்கு அதைவிடப் பெரிய காரியம் உண்டா? மத்தியானத்திலிருந்தே பட்டுப்பாவாடையும் கனைப்புமாகத் திரிந்தேன்.

எங்கள் மாடியில் தம்மம்பட்டியிலிருந்து படிக்க வந்த அக்கா ஒருத்தி குடியிருந்தாள். அவள் ஜன்னலுக்கு நேரே இருந்த கோயில் வேப்பமரத்தில்தான் குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"அண்ணா, நாளைக்கு அரியர் பரீட்சை. இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காங்க."

கல்யாணத்துக்குப் போய் யாராவது கண் கலங்குவார்களா என்று நினைத்தேன். அப்பா மைக்செட் பக்கம் திரும்பிப் போனார்.

என் முறை வரும் நேரம் பார்த்து செட் நின்றது.

"பியூஸ் போயிருச்சுங்கண்ணா, வேற இல்லீங்க," என்றார் அப்பா.

கூட்டம் கேலி செய்தது. இத்தனை வருஷத்தில் அவர் செட் நின்றதே இல்லை. அவமானம் தாங்காமல் அவர் நெஞ்சில் முகம் புதைத்து அழுதேன். சட்டைப்பையில் ஏதோ கன்னத்தில் உறுத்தியது. எடுத்தால், சின்னக் கண்ணாடி பியூஸ்! ஐயோ, வைத்த இடத்தை மறந்துவிட்டாரே!

"பெரியப்பா, பியூஸ் கெடச்சிருச்சு! அப்பா பாக்கெட்லயே இருந்துச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

கூட்டம் அடங்கியது. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியப்பா பியூஸை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது இந்த செட்டுக்குச் சேராது சாமி. நீ சும்மாவே பாடு. அம்மனுக்குக் கேக்கும்."

மேளக்காரர்களிடமும் ஏதோ சொன்னார். அவர்கள் ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார்கள். நான் பாடியது முன்வரிசைக்கே கேட்கவில்லை. பண்டிகை முடியும்வரை பெரியப்பாவோடு நான் பேசவில்லை. பிறகு அக்கா பரீட்சையில் தேறியதற்காக எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். எனக்கு மட்டும் கை நிறைய. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பின்னாளில் நான் படிக்கப் போன ஊரில் தெருவுக்குத் தெரு கல்லூரி. பரீட்சைக்கு முந்தின நாள் விடுதி ஜன்னலுக்கு நேரே ஸ்பீக்கர் அலறியது. இறங்கிப் போய்க் கெஞ்சினேன்.

"ஒரு நாள்தானேம்மா, பொறுத்துக்க," என்றார்கள்.

திரும்பி வந்து காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையணையில் முகம் புதைத்து அழுதேன். அந்தக் கண்ணாடி பியூஸ் அப்போதுதான் மறுபடியும் என் கன்னத்தில் உறுத்தியது.