அப்பா எழுந்து நின்ற நாலு நிமிஷம்

இன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு. ஆவடி சர்ச்சில் நற்செய்தி வாசகத்துக்கு எல்லோரும் நின்றுகொண்டிருக்க, நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன்!

முட்டி வலி. (ஐம்பது ஆகப்போகிறது. வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

பக்கத்தில் என் மகள் முறைத்தாள். "இன்னாம்மா, பாதியிலயே உக்காந்துட்ட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் தொண்ணூறுகளில் இருக்கிறது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். ஷெட் கூரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவே கிடையாது. அப்போதே ஒன்பது வருஷமாக வீல்சேர்.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். "நான் மட்டும் எல்லார் முதுவையும் பாத்துகினு குந்திகினு கீறேன்" என்பார்.

அப்போதுதான் ஒரு ஆஸ்பத்திரியில் பரிசோதனையாக ஒரு சிகிச்சை ஆரம்பித்தார்கள். தொடையில் பட்டை ஒட்டி, சின்னப் பெட்டியிலிருந்து கரண்ட் கொடுத்தால் கால் விறைத்து நிற்கும். ஆறு மாதம் பயிற்சி.

டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். "இது குணமாகறது இல்ல. கரண்ட் இருக்கற வரைக்கும்தான் நிப்பீங்க. நாலு நிமிஷம் தாண்டாதீங்க. விழுந்தா எலும்பு உடைஞ்சிடும்."

நாலு நிமிஷம்! நற்செய்திக்கு அது தாராளம்.

"வர்ற ஞாயித்துக்கெழம நிக்கிறேன்" என்றார் அப்பா. அவர் வாட்சைப் பார்த்து நிமிஷம் சொல்வது என் வேலை.

ஞாயிறும் வந்தது. கையில் குருத்தோலையோடு போய் உட்கார்ந்தோம். மைக் முன்னால் ஒருவருக்குப் பதிலாக மூன்று பேர் வந்து நின்றபோதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

"ஐயையோ! இன்னிக்கி ஆண்டவரோட பாடுகள் ஆச்சே! அர மணி நேரம் ஆவுமே!"

(ஏசுவின் கடைசி விருந்து முதல் சிலுவை மரணம் வரை, மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். வருஷத்திலேயே நீளமான வாசகம். அத்தனை ஞாயிறு இருக்க, இதையா பிடிக்க வேண்டும்!)

அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாக்கரைப் பிடித்தார், பெட்டியின் பட்டனை அழுத்தினார், எழுந்தார்.

அப்பா இவ்வளவு உயரமா? எனக்கு மறந்தே போயிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." கால் நடுங்கத் தொடங்கியது. எனக்குப் பயம். "நாலுப்பா! உக்காரு!"

பத்திரமாக உட்கார்ந்தார். வாசகத்தில் யூதாஸ் இன்னும் ஏசுவைக் காட்டிக்கொடுக்கும் முத்தம்கூடக் கொடுத்திருக்கவில்லை!

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாதியிலயே உக்காந்துட்டியேய்யா..."

அப்பா முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல். "அட போம்மே! சிலுவைய தூக்குனவரே மூணு வாட்டி வுழுந்து எந்திரிச்சாரு. நான் ஒரு வாட்டி குந்துனா இன்னா?"

முன் பெஞ்சே சிரித்தது. அம்மா குருத்தோலையால் ஒன்று போட்டாள்.

ஒரு வருஷத்தில் பரிசோதனை முடிந்து பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்பா கடைசி வரை நடக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் ஒரு ஞாயிறுகூட விடாமல் நின்றார். "போதும், நின்னுட்டேன்" என்பார். எங்களுக்கும் அது போதும்.

இன்றைக்கு என் மகளிடம் அதே டயலாக்கை எடுத்துவிட்டேன். மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்!

அவள் கையை நீட்டினாள்.

"வுழுந்து எந்திரிச்சாருன்னுதானே தாத்தா சொன்னாரு? எந்திரிம்மா!"

எழுந்துவிட்டேன்.