கூடைக்குள் மேஸ்திரி

மாடியே இல்லாத வீட்டில் படி வழுக்கி விழுந்ததாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. படி, குளியலறை, கதவிடுக்கு என்று வருகிறவர்கள் சொல்லும் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். இவள் அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள், குடியிருப்பில் எனக்குப் பக்கத்து வீடு. "எந்தப் படிடீ?" என்று கேட்டபடியே மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உதடு கிழிந்திருந்ததால் சரியாகச் சிரிக்க முடியவில்லை.

அடித்தது அவள் புருஷன். லாரி மெக்கானிக். சோறு ஆறிப்போனால் அடி, சூடாக இருந்தால் 'நாக்கு வெந்துபோச்சு' என்று அடி. ஒவ்வொரு தடவையும் அவளுடைய அண்ணன் வருவார். அதிர்ந்து பேசாத மனுஷர். அதுதான் கோளாறே. தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவார், காயம் ஆறியதும் கொண்டுவந்து விட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்பார். திரும்பி வந்த முதல் ராத்திரியே அடி முன்னைவிடப் பலமாக விழும். இத்தனைக்கும் அந்த வீட்டை ஆஸ்பத்திரி அவள் பேருக்குத்தான் கொடுத்திருந்தது.

இந்த லட்சணத்தில் அவளுக்குக் கோழி ஆசை வந்தது. ஊர் மாறிப் போகிற ஒருத்தியிடமிருந்து நான்கு பெட்டைகளை வாங்கி வந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உடைந்த அலமாரியைப் படுக்கப்போட்டு, முன்னால் வலை அடித்து, கூடு என்றாள். நான்கும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. தீனிக்கு ஒரே ஒரு தட்டு. பெரிய செவலைக் கோழி தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு யாரையும் அண்டவிடவில்லை. அதற்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தது நான்தான். எப்போதும் அடிவாங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கோழி சீக்கிரமே முதுகில் இறகில்லாமல் போய் 'மொட்டை' ஆனது. மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும்.

ரத்தம் தெரியும் வரைதான் வேடிக்கை. ஒருநாள் மேஸ்திரி கொத்திய கொத்தில் மொட்டையின் முதுகுத் தோல் பிய்ந்தது. சிவப்பைக் கண்டதும் அந்த இரண்டும் சேர்ந்துகொண்டன. சத்தம் கேட்டு நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தபோது மூன்று அலகும் ஒரே புண்ணுக்குள் இருந்தன. மொட்டை தலையை மூலையில் செருகிக்கொண்டு, உடம்பைக் கொடுத்துவிட்டு நின்றது. இவள் துடைப்பத்தால் அடித்தாள், தண்ணீரை வாரி ஊற்றினாள், கடைசியில் கையைவிட்டு இழுத்து வெளியே எடுத்தாள்.

"அடிபட்டதைத் தனியா வைம்மா, ஆறினதும் உள்ள விடு" என்றார் தீவனக் கடைக்காரர். சிவப்புத் தெரியாமலிருக்க ஊதா மருந்தும் கொடுத்தார். அழுக்குத் துணிக் கூடையில் மொட்டையைப் படுக்கவைத்து, சமையலறையில் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். புண் ஆறியது. உள்ளே விட்டாள். யாரோ புதுக்கோழி நுழைந்துவிட்டது என்பதுபோல மூன்றும் பாய்ந்து பழைய இடத்தையே கிழித்தன. திரும்பவும் கூடை, திரும்பவும் மருந்து, திரும்பவும் உள்ளே. இந்தத் தடவை வால் பக்கம் குடல் தெரிந்துவிடுமோ என்று பயந்துபோனேன். கூட்டுத் தரையெல்லாம் ரத்தம்.

மொட்டையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புருவத்திலும் அதே ஊதா மருந்துதான். முந்தின ராத்திரி புருஷனிடம் வாங்கிய அடி.

"அக்கா, இது என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் ஏன் இதையே வெளிய எடுத்து வைக்கிறேன்?"

கேட்ட கையோடு எழுந்துவிட்டாள். மொட்டையை என் கையில் திணித்துவிட்டு, கூட்டுக்குள் கையை விட்டாள். மேஸ்திரி விட்டுவைக்குமா? புறங்கையில் கொத்திச் சதையைப் பிய்த்தது. அவள் கையை எடுக்கவில்லை. காலைச் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாக வெளியே இழுத்து, கூடைக்குள் போட்டு, மூடிமேல் பழைய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். அலமாரியின் பின்பலகையை நாங்கள் இரண்டு பேரும் உடைத்துக் கூட்டைப் பெரிதாக்கினோம். தட்டும் இன்னொன்று வந்தது.

மேஸ்திரி இல்லாத கூட்டில் அந்த இரண்டும் மொட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊதாவின் மேல் இறகு முளைத்தது. ஒரு வாரம் கழித்து மேஸ்திரியை உள்ளே விட்டபோது, அது தட்டை நோக்கி நேராக நடந்தது. வேடிக்கை பார்த்த இரண்டும் அதன் மண்டையில் மாற்றி மாற்றிக் கொத்தின. மேஸ்திரி பதறிப்போய் மூலையில் ஒடுங்கியது. எல்லாரும் தின்று முடித்த பிறகுதான் தட்டுப் பக்கம் வந்தது. நான் கை தட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூலையில் ஒடுங்கிய மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி அவன் அவளை ஒயரால் அடித்தான். மறுநாள் அண்ணன் வந்தார். "கிளம்பும்மா, கொஞ்ச நாள் நம்ம வீட்டுல இரு." நான் சுவரோரம் நின்றிருந்தேன், காது முழுக்க அங்கேதான். அவள் உள்ளே போய் அந்தக் கூடையைத் தூக்கிவந்து அண்ணன் காலடியில் வைத்தாள். உள்ளே புருஷனின் சட்டை, பேண்ட் எல்லாம் இஸ்திரி போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்திருந்தது.

"இந்தத் தடவை அவரைக் கூட்டிட்டுப் போங்கண்ணா."

அவர் பேந்தப் பேந்த விழித்தார். பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தவன் காதில் அது விழுந்துவிட்டது. வந்த வேகத்தில் அவள் தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். இன்னொரு மோதல். நிலையில் ரத்தம் வழிந்தது. நான் எப்படிச் சுவர் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. துணி அடிக்கிற கட்டை கையில் இருந்தது. முழங்கையில் எந்த இடத்தில் தட்டினால் விரல் மரத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அங்கேயே போட்டேன். முடியை விட்டுவிட்டு அலறினான். எனக்கு அந்த அலறல் இனித்தது, அதில் வெட்கமே இல்லை. அண்ணன் அப்போதுதான் உயிர் வந்தவராகப் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தார். மூன்று பேருமாக அவனை வாசலுக்குத் தள்ளினோம். அண்ணனும் கூடையும் வெளியே போனதும் அவள் கதவைத் தாழிட்டாள்.

அவன் கதவை உதைத்தான். கல்லெறிந்து ஜன்னலை உடைத்தான். சில்லு பறந்து என் கன்னத்தைக் கீறியது. இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். "போய்யா, ஆஸ்பத்திரி வீடு இது" என்று ஒரு வாட்ச்மேன் குரல் கொடுத்ததும், எல்லாருக்கும் வாய் முளைத்துவிட்டது. கடைசியில் அண்ணன் அவனை வண்டியில் ஏற்றிப் போனார்.

அவளுடைய நெற்றித் தையல் பிரித்த பிறகு ஒரு காலையில் அவன் வந்தான். கேட்டுக்கு வெளியே ஓரமாக நின்றான், உள்ளே வராமல். குரலெல்லாம் பஞ்சுபோல. "நான் மாறிட்டேன்" என்றான். அவள் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். இவள் மனசு இளகிவிடுமோ?

"உள்ள விடப் போறியாடீ?" என்று கேட்டேன்.

"கோழிக்கு ஒரு வாரம் போதும்கா" என்றாள், அவனுக்கும் கேட்கும்படியாக. "இவருக்கு எத்தனை வாரம்னு பார்க்க எனக்கு இன்னொரு மண்டை இல்லை."

மொட்டை அவள் காலடியில் மேய்ந்துகொண்டிருந்தது. அவள் போய்க் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.