நடு அறை வழியாகப் போன பேச்சு

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் தயங்கி நின்றார். என்னவென்று கேட்டேன். "கோதண்டம் பூட்டாருன்னு டீச்சரம்மாகிட்ட சொல்லிட்டு வரச் சொன்னாரு, பெரியவரு" என்றார். பெரியவர் என்றால் கோதண்டம் அண்ணனின் கூடப் பிறந்த தமையன் மாசிலாமணி. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். தம்பி செத்துக் கிடக்கும் வீட்டு வாசலுக்கும் அவர் வீட்டு வாசலுக்கும் இடையே இருப்பது ஒரு முற்றம். அதைத் தாண்ட மனமில்லாதவர் ஊர்க் கோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

அடுத்த கோபம் காரியப் பத்திரிகையைப் பார்த்தபோது வந்தது. உத்திரமேரூரில் கொடுத்து அச்சடித்து வந்திருந்தார்கள். "அதிர்ந்து ஒரு சொல் பேசாத அமைதியின் உருவம்" என்று போட்டிருந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். கோதண்டம் அண்ணன் மதகடியில் நின்று பேசினால் கரைக்கு அந்தப் பக்கம் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள்தான். அவரைக் கண்டால் வேறு தெருவில் புகுந்து போனவர்கள் உங்களில் எத்தனையோ பேர். "பேஜார் புடிச்ச ஆளு" என்று சொன்ன வாயால்தான் இப்போது அமைதியின் உருவம் என்கிறீர்கள். அவர் இருந்திருந்தால் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து, "இத எழுதனது யாரு, என் மூஞ்சியப் பாத்து சொல்லு" என்று கேட்டிருப்பார்.

வேலை கிடைத்து நான் இந்த ஊருக்கு வந்தபோது அண்ணன் தம்பி இருவரும் அப்பா கட்டிய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த அறையை யாருக்கு விடுவது என்று முடிவாகவில்லை. அதனால் எனக்கு வாடகைக்கு விட்டார்கள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவர். அப்போது இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரே வேப்பமரத்தில் குச்சி ஒடித்துப் பல் துலக்கியபடி ஊர்க்கதை பேசுவார்கள். என் கணவர் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புவார். நடுவில் இருந்த பொழுதெல்லாம் எனக்குத் துணை இந்த இரண்டு வீடுகள்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். அதிகாரி யாராவது வந்தால் தலைமையாசிரியர் என் வகுப்பை நிறுத்தச் சொல்லி, "நீங்க கொஞ்சம் டீ போட்டுடுங்கம்மா" என்பார். வீட்டுக்கு வந்து பொருமுவேன். கோதண்டம் அண்ணன் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருப்பார். நான் பேச ஆரம்பித்ததும் கயிற்றைக் கீழே வைத்துவிடுவார். "திரிச்சிக்கினே கேட்டா கயிறுதான் கேக்கும், நான் கேக்க மாட்டேன்" என்பார். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு நாள், "நீங்க சொன்னத நான் கேட்டுட்டேன். இன்னும் கேக்க வேண்டியவரு கேக்கலியே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லாமல் இதென்ன மனுஷன் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் தலைமையாசிரியரிடம் போய், "சார், நான் டீச்சர். டீ போட ஆள் வேணும்னா கடையில சொல்லிவிடுங்க" என்றேன். அடுத்த முறை அதிகாரி வந்தபோது டீ கடையிலிருந்து வந்தது.

ஏரியில் தண்ணீர் குறைந்துபோன வருஷத்துக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். கோயில் மண்டபத்தில் கூடி, எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறை வைப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்டபத்தில் யார் எது சொன்னாலும் "ஆவட்டும், ஆவட்டும்" என்று தலையாட்டுவார்கள். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் "அது எப்டிபா ஆவும்?" என்பார்கள். பிறகு இருட்டில் வாய்க்காலை வெட்டிக்கொள்வார்கள், விடிந்ததும் மண்வெட்டியோடு சண்டை போட்டுக்கொள்வார்கள். கோதண்டம் அண்ணனுக்கு இது ஆகவே ஆகாது. "டீக்கடையில வெச்சிட்டு வந்த வாயை எடுத்துக்கினு வாங்கபா" என்று மண்டபத்திலேயே சத்தம் போடுவார். அதோடு அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் பேசினால், அதற்குப் பதில் சொல்ல வருகிறவர் முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் பேச்சை எடுக்கலாம். "அவரு இன்னா சொன்னாரு, சொல்லு பார்ப்போம்" என்று அவர் கேட்காத ஆள் கிடையாது. கண்டக்டரிடம்கூடக் கேட்டு பஸ்ஸை நிறுத்திவைத்து எல்லோரிடமும் வசவு வாங்கியிருக்கிறார்.

அன்றைக்குக் கடைமடையில் நிலம் வைத்திருந்த துளசியம்மாள் தூண் ஓரமாக நின்றிருந்தார். புருஷன் போன பிறகு தனியாக விவசாயம் பார்த்தவர். எல்லோரும் தலையாட்டி முடித்து வேட்டியைத் தட்டி எழுந்திருக்கும்போது, "அந்தம்மா இன்னும் வாயத் தொறக்கல, குந்துங்க" என்றார் கோதண்டம் அண்ணன். எத்தனை பேர் முணுமுணுத்தீர்கள்! பொம்பளையிடம் என்ன கேட்க இருக்கிறது என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். அவர் அசையவில்லை. கடைசியில் துளசியம்மாள் தூணைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க முறை வர்ற அன்னிக்கு மேல வாய்க்கால அடைச்சுடறாங்க. பயிரு காஞ்சிக்கினு கீது." யார் அடைப்பது என்று கேட்டார்கள். அவர் தூணிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெரியவருதான்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு பேச்சை மாற்றியிருப்பார்கள். கோதண்டம் அண்ணன் மாற்றவில்லை. "அண்ணா, அந்தம்மா இன்னா சொன்னாங்க, சொல்லு" என்றார். பெரியவர் எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார். அந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணீர் பாய்ந்தது. துளசியம்மாள் வீட்டில் நெல் அவித்தார்கள். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசுவது நின்றுபோனது.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனியன். "டீச்சரம்மா, மாடு கன்னு போட்டுக்குது, சீம்பால் வோணுமான்னு அவங்கிட்ட கேளுங்க" என்பார் பெரியவர், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. சுவரோ மேலே கூரைவரை எட்டாத சுவர். அவர் சொன்னது தம்பி காதில் அப்போதே விழுந்திருக்கும். ஆனாலும் நான் எழுந்து போய்ச் சொல்லும்வரை கோதண்டம் அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். சொன்ன பிறகு, "வோணும்னு சொல்லுங்க" என்பார். அதுவும் பெரியவர் காதில் விழுந்திருக்கும். நான் திரும்பி வந்து சொல்லும்வரை அவரும் காத்திருப்பார். தபால்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. எனக்கு அதுவும் கிடையாது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஊருக்கெல்லாம் மூஞ்சியப் பார்த்துப் பேசுன்னு சொல்றீங்க. நீங்க போய் ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். கயிற்றைக் கீழே வைத்தார். "நான் பண்ணது சரின்னு அவரு ஒத்துக்க வேணாம் டீச்சரம்மா. அந்தம்மா சொன்னத ஒரே ஒரு தபா திருப்பிச் சொல்லட்டும். காதுல வாங்கினாருன்னு எனுக்குத் தெரியணும். அப்பால நானே போயி கால்ல வுழறேன்" என்றார். "அண்ணனுக்குமா சட்டம்?" என்றேன். "அண்ணனுக்கு இல்லாத சட்டத்த ஊருக்கு எப்டி வெக்கறது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி வந்ததும் நிஜம்தான்.

இனிமேல் யார் சொன்னதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒருமுறை வேலைநிறுத்தம் செய்து பார்த்தேன். அப்படியாவது பேசிக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. அந்தச் சமயம் பார்த்து அவர்களுடைய அப்பாவின் தெவசம் வந்தது. யார் வீட்டில் படைப்பது என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு வீட்டிலும் சமைத்தார்கள். இரண்டு பேரும் ஈர வேட்டியோடு ஆளுக்கு ஓர் இலையை ஏந்தி ஒரே கிணற்றடிக்கு வந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, "கா கா" என்று கத்தினார்கள். அவர் கத்த, இவர் கத்த, அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று வாய் திறந்தது அன்றைக்குத்தான். காக்கை வந்து இரண்டு இலையிலும் தின்றுவிட்டுப் போனது. இவர்கள் அவரவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். நான் மறுபடி வேலையில் சேர்ந்தேன்.

கோதண்டம் அண்ணன் நெஞ்சுச் சளி முற்றிப் படுத்தபோதும் இதே கூத்துத்தான். இரும ஆரம்பித்தால் அடுத்த வீட்டில் பெரியவர் எழுந்து உட்காருவது எனக்குக் கேட்கும். "கஞ்சியில மொளகு தட்டிப் போடச் சொல்லுங்க." "டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டட்டுமான்னு கேளுங்க." இதையெல்லாம் நான் ஒன்று விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "போட்டாச்சின்னு சொல்லுங்க." "வேணாம்னு சொல்லுங்க." ஒருமுறை மட்டும் கோதண்டம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "நான் சொல்லச் சொன்ன அந்த ஒண்ண மட்டும் அவரு சொல்லலியே" என்றார். அதைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு சைக்கிளில் வந்த ஆள்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடிவந்தபோது முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பெரியவர் அவர் வீட்டு நிலைப்படியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார். எனக்கு அருகில் நின்று, மெதுவாக, "நான் வந்துகீறேன்னு அவங்கிட்ட சொல்லுங்க டீச்சரம்மா" என்றார்.

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நான் கத்திவிட்டேன். "சொல்ல மாட்டேன். இது ஒண்ணையாவது நீங்களே சொல்லுங்க."

ஒப்பாரி நின்றுவிட்டது. பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்தார். உதறவில்லை, கையில் சுருட்டிக்கொண்டார். தம்பியின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார். "கோதண்டம், எங்க முறை வர்ற அன்னிக்கு மேல வாய்க்கால அடைச்சுடறாங்க, பயிரு காஞ்சிக்கினு கீதுன்னு அந்தம்மா சொல்லிச்சி. அடைச்சது நான்தான்னு சொல்லிச்சி. அதான? சரியா சொன்னனா?" என்றார். கேட்டுவிட்டு, பதில் வரும் என்பது போல அப்படியே குனிந்து நின்றார்.

துளசியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். "ஆமாங்க. அதான் சொன்னேன்" என்றார். அதன் பிறகுதான் பெரியவர் அழுதார். அத்தனை வருஷமும் ஒரு சொல் தவறாமல் அவருக்கு அது நினைவில் இருந்திருக்கிறது. முதல் நாள் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அதைக் கேட்க வேண்டியவர் உயிரோடு இருந்திருப்பாரே! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பெரியவர் மேல் மட்டும் இல்லை, கோதண்டம் அண்ணன் மேலும்தான். ஊரைப் பேசவைத்த மனுஷன் ஒரு முற்றத்தைத் தாண்டிப் போய் அந்த ஆளை உலுக்கிக் கேட்டிருக்க வேண்டாமா? சட்டமாம், சட்டம். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று அவர்தானே சொன்னார். அதனால் சொல்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். யாராவது பேச வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைக்கிறேன். நேற்றுக் காலை அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் என் வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, மாடு கன்னு போட்டுக்குது" என்றார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அவர் எதிரே நின்றேன்.

"மாடு கன்று போட்டிருக்குன்னு சொல்றீங்க" என்றேன்.

"ஆமா" என்றார்.