கதவைச் சாத்தி ஏற்றிய விளக்கு

முன்னறையில் நான் இருந்தேன். மேசைக்கடியில் என் மகள் செல்வி விளையாடிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் பக்கத்து வீட்டு டோரிஸ் நின்றாள். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். பகல் பன்னிரண்டே முக்கால். பர்மிங்காமில் அந்த நேரத்துக்கு யாரும் விளக்கேற்ற மாட்டார்கள். நான் வாசலைத் திறந்து வைத்து, அகலை ஏற்றி, கும்பிட்டுக்கொண்டிருந்தேன். டோரிஸ் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கோல்ட், லவ்?" என்றாள், குளிருதாம்மா என்று. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. "யெஸ்" என்றேன். மறுநாள் ஒரு வாளி நிலக்கரி கொண்டுவந்து வைத்தாள். நான் திரியில் குளிர்காய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இங்கே கரியை அளந்துதான் கொடுக்கிறார்கள். அவள் பங்கிலிருந்து எடுத்தது அது. வேண்டாம் என்று விளக்கிச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது. சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சிரித்தார். "வாங்கி வச்சுக்க. அவ வூட்டுக்குக் கொஞ்சம் ரசம் குடுத்துடு" என்றார்.

இங்கே பன்னிரண்டே முக்கால் என்றால் அரியலூரில் ஆறேகால். விளக்கு வைக்கும் நேரம். இந்தக் கணக்கை இவர்தான் சொல்லிக் கொடுத்தார். இவர் மின்சார இன்ஜினியர். பட்டாளத்தில் கம்பி வேலை கற்று, பர்மா சண்டைக்குப் போய், உயிரோடு திரும்பி, பரீட்சை எழுதி வாங்கிய பெயர் அது. நான் செட்டிகுளத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

சண்டை முடிந்த பிறகுதான் எங்கள் கல்யாணம். அரியலூர் வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம் மாமியார் என்னை விளக்கேற்றச் சொன்னார். வாசலைத் திறந்து வைத்து மாடத்தில் ஏற்றினேன். உள்ளே போய்த் திரும்பினால் இருட்டு. காற்று என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பார்த்துவிட்டேன். இவர் வந்து இரண்டு விரலால் திரியை நசுக்கிவிட்டுப் போனார். அதுவரை பெரம்பலூரில் தங்கி வேலை பார்த்தவர், அதனால் மாமியாருக்கு இது தெரியாது. அவர் என்னைத்தான் பேசினார். "என்ன கை ராசிடி இது? ஏத்துன வெளக்கு ஒரு நாளாச்சும் நிக்குதா? வெள்ளிக்கெழம சிறுவாச்சூர் ஆத்தாகிட்ட முறையிடுவேன். அப்புறமும் நிக்கலேன்னா ஒன்னைய செட்டிகுளத்துல கொண்டுபோயி வுட்டுடுவேன்." நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பார். அது ஊருக்குத் தெரிந்தால் இவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

லீவு முடிந்து இவர் வேலைக்குத் திரும்பினார். வெள்ளிக்கிழமை மாமியாரும் நானும் சிறுவாச்சூரில் கும்பிட்டுவிட்டு, இவரோடு சேர்ந்து வீடு திரும்பலாம் என்று பெரம்பலூரில் இறங்கினோம். அன்று கடைத்தெருவில் முதன்முதலாக மின்சார விளக்கு எரியப் போகிறது. பொழுது சாய்ந்ததும் இவர்தான் ஸ்விட்சைப் போட்டார். எரிந்தது. கூட்டம் மொத்தமும் கும்பிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இவர் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "என்ன இன்ஜினியர் சார், லைட்ட போட்டுட்டு மழைய பாக்குறீங்க?" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை.

"மேல என்ன தம்பி பாத்த?" என்று மகனைக் கேட்டார்.

"பிளேன் வருதான்னு."

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மீதியைச் சொன்னார். "பர்மாவுல இதே நேரந்தாம்மா. கம்பி அறுந்து கெடந்துச்சு. கண்ணு தெரியல. வெளிச்சம் காட்டுடான்னேன். வரதராசன்பேட்டை சூசைன்னு ஒருத்தன், என்கூடவே இருப்பான். அரிக்கேன தூக்கிப் புடிச்சான். வெளிச்சத்த பாத்து பிளேன் வந்துடுச்சு."

"அப்புறம்?"

"ஒத்த ஆளா கம்பிய சேத்துட்டேன்."

பஸ் அரியலூர் வந்தது. இறங்கும்போது, "வூட்டு வெளக்க அமத்துனதும் நீதானா?" என்றார் மாமியார். "ஆமா" என்றார் இவர். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லித் தொலைக்கக் கூடாதாடி?"

மறுநாள் பொழுது சாய, மாமியார் டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாளக் கம்பளியை எடுத்து ஜன்னலில் கட்டினார். வாசற்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். "இப்ப ஏத்து" என்றார். ஏற்றினேன். இவர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். விளக்கு நின்றது. நாலு நாளில் எதிர்வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல வாசல சாத்துற வூடு எங்கயாச்சும் உண்டாக்கா? மகாலட்சுமி எப்புடி வருவா?" மாமியார் அசரவில்லை. "கொல்லப்பக்கமா வரட்டும்" என்றார்.

இங்கே பர்மிங்காமில் ஊரே அப்படித்தான் விளக்குப் போடுகிறது. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். தெரு முழுக்கத் திரையை இழுத்துவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறார்கள். சண்டைக் காலத்தில் பிளேனுக்கு வெளிச்சம் தெரியாமல் ஜன்னலுக்குக் கட்டிய கறுப்புத் துணியை டோரிஸ் இன்னும் மடித்து வைத்திருக்கிறாள். தொழிற்சாலை வேலை கிடைத்து வந்த அன்றைக்கே இவர் தெருவைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா முன்னாடியே வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்குமோ?" என்றார். அன்று வீட்டு விளக்கைத் தன் கையாலேயே போட்டார். கல்யாணமாகி அன்றுதான் அதைப் பார்த்தேன். ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க எனக்குத் தினமும் வாய் வரும். நாலு மணிக்கு அந்தக் கை ஸ்விட்சுக்குப் போவதைப் பார்ப்பேன். கேட்க மாட்டேன்.

அரியலூரில் மாமியார் இப்போது வாசலைத் திறந்து வைத்துத்தான் ஏற்றுவார். சாத்த வேண்டிய காரணம் இங்கே வந்துவிட்டது. அவர் ஏற்றும் நேரத்துக்கு நானும் இங்கே கதவைத் திறந்து ஏற்றுகிறேன். குளிர் உள்ளே வருகிறது, வரட்டும். டோரிஸ் கொடுத்த கரி இருக்கிறது. நாலு மணிக்குத் திரையை இழுத்துவிடுகிறோம். இவர் விளக்கைப் போடுகிறார். மறுபடியும் கும்பிடுகிறேன்.

எனக்கு ஒரு நாளைக்கு அந்தி இரண்டு.