மாலையோடு ஒட்டிய மூன்று லேபிள்கள்

பொய் சொன்னேன். கழுத்தில் துளசி மாலை கிடக்க, இடுப்பில் கறுப்பு வேட்டி இருக்க, ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். அதனால் அந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்றார்கள்.

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக ஏழு வருஷம் கழிந்துவிட்டது. மகனின் பழைய நோட்டில் நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். பத்தாவது வரை படித்தவன் நான். எழுதத் தெரியாமல்தான் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எழுதத் தெரியும். பயம்தான்...

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் இதைக் கடைசிவரை படிக்கவேண்டும்.

தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம் போகும் வழியில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உதவியாளன். தற்காலிக வேலைதான். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, அடுப்பைப் பார்த்துக்கொள்வது, சாமான் வாங்கி வருவது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஆடி மாதம் எனக்கு ஒரு புது வேலை கொடுத்தார்கள்.

இறால் ஓடு கழுவும் வேலை!

சிரிக்காதீர்கள். பல்லாவரம் மார்க்கெட்டில் இறால் உரித்துக் கொடுப்பவர்கள் குப்பையில் தள்ளும் ஓடு. அதை வாங்கிவந்து அலசிக் காயவைத்து, அமிலத்தில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பை எடுத்து, காரத்தில் கொதிக்கவைத்து, பிறகு தண்ணீரில் கழுவவேண்டும். சோதனைத் தாள் நிறம் மாறாமல் நிற்கும்வரை கழுவவேண்டும். கடைசியில் கையில் நிற்பது வெள்ளைத் தவிடு மாதிரி ஒரு பொருள். அதற்குக் கைட்டோசான் என்று பெயர்.

அதை வைத்து ஆராய்ச்சி செய்தவள் தேன்மொழி. கோவிலம்பாக்கத்துப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். அந்தப் பொருளை வினிகர் வாடை அடிக்கும் அமிலத்தில் கரைத்து, இன்னொரு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். தெளிவாக இருந்த தண்ணீர் மெல்லப் பாலேறி, விளக்குக்கு எதிரே பிடித்தால் லேசான நீலம் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண் உருண்டைகள் அதில் மிதக்கின்றன என்பாள். அந்த உருண்டைக்குள் மருந்தை அடைத்து, மெல்லிய தாளாகக் காயவைத்து, ஆறாத புண்ணின்மேல் ஒட்டினால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குமாம்.

அவள் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். ஒரு விரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

"இந்த ஓட்டுல இருக்கறதும் ஒரு வகைச் சர்க்கரைதான் அண்ணா. ஒண்ணோட ஒண்ணு கோத்து நீளமா சங்கிலி மாதிரி இருக்கும். அப்பா காலைக் கெடுத்ததும் சர்க்கரை, ஆத்தப் போறதும் சர்க்கரை. எப்படி?" என்று சிரிப்பாள்.

நான் கழுவிக் கொடுத்த முதல் பேட்ச்சிலேயே அந்த நீலப் பால் வந்தது. புரட்டாசியில் மறுபடியும் வந்தது. எனக்கு லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

இனிதான் என் விஷயம்.

அந்தக் கார்த்திகை எனக்குப் பதினெட்டாம் வருஷ மாலை. பதினெட்டாம் முறை மலை ஏறுகிறவன் அங்கே ஒரு தென்னங்கன்று வைப்பான். திரும்பி வந்தால் குருசாமி. மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடும் தகுதி வரும். எங்கள் பஜனைக் குழுவில் என்னை அப்போதே குருசாமி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அது எவ்வளவு இனித்தது!

அவர்களிடமெல்லாம் நான் சொல்லியிருந்தது, மருந்து தயாரிக்கிற இடத்தில் வேலை என்று மட்டும். இறால் ஓட்டில் கைவைக்கிறேன் என்பது என் மனைவி சரஸ்வதிக்குக்கூடத் தெரியாது. மோட்டார் ஷெட் பக்கம் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

மாலை போட்ட நாலாம் நாள், பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். எனக்கு வழக்கமாக ஓடு எடுத்துவைக்கும் கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சாமி, மால போட்டுகினு இறா ஓடு வாங்க வந்துகீற?"

பக்கத்துக் கூடைக்காரி விட்டாளா? "கோயில்ல இன்னிக்கு இறா பொங்கல் போல கீது!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடையைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். "போ சாமி, வாணாம். உன் வெரதம் கெட்டா பாவம் என் தலைலதான் வுழும். மால கயட்டிட்டு வா, எவ்ளோ வேணா தர்றேன்."

வெறும் பையோடு திரும்பினேன்.

அப்போது தேன்மொழியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! "அம்மா, மாலை கழற்றும்வரை ஓட்டைத் தொட முடியாது" என்றால், அவளே மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி அவளே கழுவியிருப்பாள். ஒரு முகச்சுளிப்பு இருந்திருக்காது. ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்று பயமா? கொஞ்சம் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. சொன்னால் இத்தனை நாள் இதைத்தான் செய்தேன் என்பது வெளியே வரும். எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு கிளார்க் அந்தக் கல்லூரியில் இருந்தார். அவர் காதுக்குப் போனால் பஜனைக் குழுவுக்குப் போகும். குருசாமி இறால் ஓடு கழுவுகிறவர் என்று...

ஆராய்ச்சிக்கூடத்து ஜன்னலோர அலமாரியில் ஒரு பழைய ஜாடி இருந்தது. எப்போதோ படித்துவிட்டுப் போன ஒரு மாணவர் நண்டு ஓட்டில் இருந்து எடுத்த கைட்டோசான். எத்தனை மழைக்காலம் கண்டதோ! மூடி சரியாகப் பொருந்தாமல் ஈரம் ஏறிப் பொடி கட்டிகட்டியாக இருந்தது. பார்க்க வெள்ளை. மூக்கில் வாடை ஏறவில்லை.

அதை எடுத்து உதிர்த்து, வெயிலில் வைத்து, முந்தைய பேட்ச்சில் மிச்சம் இருந்த நல்ல பொடியையும் அதில் கொட்டிக் கலந்தேன். அளவு சரியாக வரவேண்டுமே! புதுச் சீசாவில் போட்டேன். புது நம்பர் எழுதி லேபிள் ஒட்டினேன். பதிவு நோட்டில் ஓடு வாங்கிய தேதி, ஊறவைத்த நேரம், எத்தனை தடவை கழுவினேன் என்று எல்லாவற்றையும் என் கையெழுத்தில் எழுதினேன். ஒரு வரி உண்மை இல்லை.

நண்டு ஓடும் ஓடுதானே? இதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? யோசித்தேன். வாடை இல்லை, அதனால் தோஷம் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். சாமிக்காக நான் விரதம் இருந்தேனா, என் மூக்குக்காக இருந்தேனா?

நீலப் பால் வரவில்லை.

சொட்டு விழுந்ததும் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் படிந்தது. தேன்மொழி மறுபடி செய்தாள். மறுபடியும் படிந்தது. தண்ணீரை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள், தராசைச் சரிபார்த்தாள். மதியச் சோறு டப்பாவிலேயே இருந்தது.

"பழைய பேட்ச் கொஞ்சமாவது இருக்கா சாமி? ஒரே ஒரு ஸ்பூன் இருந்தாப் போதும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துடுவேன்."

"தீர்ந்துடுச்சும்மா."

"அப்ப புதுசா ஒண்ணு பண்ணிக் குடுங்க, ப்ளீஸ்."

பண்ணிக் கொடுத்தேன்! அதே ஜாடியில் இருந்து. இரண்டாவது லேபிள். பத்து நாள் கழித்து மூன்றாவது லேபிள். ஒவ்வொரு நாள் காலையிலும் குளிர்ந்த தண்ணீரில் குளித்து, சரணம் சொல்லி, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு வந்து, அவள் தோற்றுப்போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடுவை கழுவிக் கொடுத்தேன்...

மார்கழிப் பிறப்புக்குப் பிறகு ஒரு நாள், தேன்மொழியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான புரொபசர் வந்தார். ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்கிறவர்கள் பார்வையிட வரும் வாரம் அது. அவர் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

"செப்டம்பர்ல வந்தது டிசம்பர்ல ஏன் வரல? உன் கையாலயே வரலன்னா என்ன அர்த்தம் தேன்மொழி? அப்ப வந்ததா நீ எழுதினதே கற்பனை."

"சார், மெட்டீரியல்ல ஏதோ மாறியிருக்கு சார். நான் ஒண்ணையும் மாத்தல."

"பழி போட ஆள் தேடாதே."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "சாமி, நீங்க சொல்லுங்க. அதே மார்க்கெட் ஓடுதானே? ஊறப்போட்டதுல, கழுவினதுல ஏதாவது முன்னப்பின்ன ஆச்சா? எதுவா இருந்தாலும் பரவால்ல. சொன்னீங்கன்னாப் போதும்."

மாலையின் மணிகள் கழுத்தில் உறுத்தின. ஜன்னலோரத்தில் அந்த ஜாடி, அடியில் ஒரு பிடிப் பொடியோடு, மூன்றடி தூரத்தில் இருந்தது. கை நீட்டினால் போதும்!

"எப்பவும் போலத்தாம்மா. ஒண்ணும் மாத்தல" என்றேன்.

புரொபசர் சொன்னார்: "கேட்டுக்கிட்டியா? மாலை போட்டிருக்கற மனுஷன். அவர் ஏன் பொய் சொல்லணும்?"

அவர் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். "சாரி சாமி, உங்களைப் போய் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்... என்னிடம்!

நான் இருமுடி கட்டுவதற்கு முதல் நாள் ஒரு சின்னச் சீசா நெய் கொண்டுவந்து கொடுத்தாள். தேங்காயின் தண்ணீரை எடுத்துவிட்டு உள்ளே நெய் நிரப்பி, தலையில் சுமந்துபோய் அபிஷேகத்துக்குக் கொடுப்போம். போக முடியாதவர்கள் பெயரிலும் ஒரு தேங்காய் கட்டுவது உண்டு.

"தேன்மொழி, உத்திரட்டாதி நட்சத்திரம். ரிசல்ட் வரணும்னெல்லாம் வேண்டாம் சாமி. நான் பொய் எழுதலன்னு சாருக்குப் புரியணும். அதை மட்டும் வேண்டிக்கோங்க."

அந்தத் தேங்காயைத் தலையில் வைத்துக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினேன். சன்னிதியில் வேண்ட வாய் வரவில்லை. என்னவென்று வேண்டுவது? அவள் கேட்டதைக் கொடுக்க அங்கே வரை போகவேண்டியதில்லையே! தாம்பரத்தில் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். புரொபசர் அறைக் கதவைத் தட்டினால் முடிந்தது.

தென்னங்கன்று வைத்தேன். குருசாமி ஆனேன். அவள் பெயரில் அபிஷேகம் ஆன நெய்யைச் சீசாவில் வாங்கிக்கொண்டு, பொங்கல் கழிந்து வேலைக்கு வந்தேன். அன்று காலையே சொல்லிவிடுவது என்று இருந்தேன். சத்தியமாக இருந்தேன்.

அவள் மேஜை காலியாக இருந்தது. படிப்பை விட்டுவிட்டாள். அவள் அப்பாதான் ஆட்டோவில் வந்திருந்தார், புத்தகங்களை எடுத்துப்போக. ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் கட்டு. பெட்டியை நான்தான் சுமந்துபோய் ஆட்டோவில் வைத்தேன்.

"நீங்கதானே மலைக்குப் போன சாமி? பொண்ணு நெய் குடுத்தனுப்பினேன்னு சொல்லிச்சு. இருந்தா குடுங்க சாமி, வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார்.

சீசா என் சட்டைப் பையில் இருந்தது. உடம்புச் சூட்டில் நெய் இளகியிருந்தது.

"கொண்டு வரலீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கொடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். அவர் கும்பிட்டுவிட்டுக் கட்டுப்போட்ட காலை ஆட்டோவுக்குள் மெதுவாக எடுத்து வைத்தார்.

தை மாதம் நான் புது ஓடு வாங்கிக் கழுவினேன். நன்றாகவே கழுவினேன். அடுத்து வந்த மாணவன் அதைக் கரைத்துச் சொட்டு விட்டான். நீலப் பால்! புரொபசர் அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "பாருங்க, முறை சரிதான். அந்தப் பொண்ணுதான் சரியில்ல" என்றார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துடைத்தேன்.

கோவிலம்பாக்கத்துக்கு மூன்று முறை போனேன். வீடு மாறிவிட்டார்கள் என்றார்கள். இரண்டு வருஷம் முன்பு புரொபசரும் இறந்துபோனார். அவள் வேண்டியது இனி நடக்காது. யாருக்குப் புரியவேண்டுமோ அவரே இல்லை.

அந்த நெய்ச் சீசா என் பூஜை அலமாரியில் இருக்கிறது. காறிப்போய் மஞ்சளாகிவிட்டது. சரஸ்வதி ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் அலமாரி துடைக்கும்போது, "பிரசாதத்தை இப்படி வீணாக்கலாமா?" என்று கேட்பாள். எடுக்காதே என்று மட்டும் சொல்வேன். அவளிடமும் சொல்லவில்லை.

வருஷா வருஷம் என் கையால் மாலை போட்டுக்கொள்ள வருகிறார்கள். காலில் விழுகிறார்கள். முடியாது என்று சொல்ல எத்தனை முறை நினைத்தேன்! முடியாது என்றால் காரணம் சொல்லவேண்டுமே... வரும் கார்த்திகை முதல் தேதிக்குப் பதினோரு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

படித்து முடித்தீர்கள் அல்லவா? இதை ஜெராக்ஸ் எடுத்து இன்னொருவர் கையில் கொடுங்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை செய்கிறவர்கள் யாராவது தெரிந்தால் அவர்களுக்குக் கொடுங்கள். கைமாறிக் கைமாறி அவள் கைக்கு ஒரு நாள் போகலாம். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் கையில் விழுந்தாலும் விழட்டும்.

ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் சேர்க்காதீர்கள். கோபப்பட்டு எதையும் கூட்டாதீர்கள். "எப்பவும் போலத்தாம்மா, ஒண்ணும் மாத்தல" என்று நான் சொன்ன அந்த வரியை மட்டுமாவது நான் சொன்னது சொன்னபடி விட்டுவையுங்கள். அவள் படித்தால், அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்வாள்.